ஒப்புக்கு நின்ற பெரில் ஹோல்ராய்ட்

ஹெப்பிள்டனில் கட்சி வேலை என்றால் பெரில் ஹோல்ராய்ட்தான். மேடையில் பேசுகிற வேலையைச் சொல்லவில்லை. அதற்கு வாய் உள்ளவன் எல்லாம் வரிசையில் நிற்பான். மழையில் நடக்கிற வேலையைச் சொல்கிறேன். அந்த ஊர்க் கதவுகளில் தபால் போடுகிற துளை பாதி வீடுகளில் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். குனிந்து, இரும்பு மூடியை ஒரு கையால் தூக்கி, நோட்டீஸை மறு கையால் உள்ளே தள்ள வேண்டும். விரல் கொஞ்சம் உள்ளே போனால் தீர்ந்தது, அந்தப் பக்கம் நாய். புதிதாக வருகிற பிள்ளைகள் ஒரு கடி வாங்கிய பிறகுதான் பெரிலிடம் வருவார்கள். அவள் பையிலிருந்து ஒரு மரக் கரண்டியை எடுத்து நீட்டுவாள்.

"இதால தள்ளுங்கடா. கடிக்கிறது கரண்டியைக் கடிச்சிட்டுப் போகட்டும்."

பிழைப்புக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவாள். வீட்டில் அவளும் தம்பி நெவிலும் மட்டும். நெவிலுக்கு ஐம்பது வயதாகிறது. பிறந்தபோதே இவன் மற்றவர்களைப் போல வளரமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்ன அளவுக்கு மோசமில்லை; தேநீர் போடுவான், துணி மடிப்பான், பாட்டுக் கேட்டால் கூடவே பாடுவான். பெரிய சாலையை மட்டும் தனியாகக் கடக்க மாட்டான். கை கொடுத்தவன் எல்லாம் அவனுக்கு நண்பன். பெரிலைக் கட்டியவன் ஒருவன் இருந்தான், டென்னிஸ் என்று. 'உன் தம்பியா, நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லு' என்று ஒரு நாள் கேட்டான். கேட்கக் கூடாத கேள்வி. "உன் பெட்டி அலமாரி மேல இருக்கு" என்றாள் பெரில். அத்தோடு அவன் கதை முடிந்தது.

அவள் ஏன் கட்சிக்கு இப்படி மாடாக உழைத்தாள் என்று கேட்டால், அதற்குப் பதில் மில் லேன் மையம். நெவிலைப் போன்றவர்கள் பகலில் போய் இருக்கிற இடம். காலையில் வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும், மாலையில் கொண்டு வந்து விடும். அங்கே பறவைக்கூடு செய்வார்கள், கண்ணாடிக் கொட்டகையில் தக்காளி வளர்ப்பார்கள், வாரம் ஒரு நாள் ஊரார் வந்து வாங்கிப் போவார்கள். தேநீர் நெவிலின் பொறுப்பு. வேறு யாராவது கெண்டியைத் தொட்டால் சண்டைக்கு வந்துவிடுவான். அந்த மையத்தை அந்தக் காலத்தில் சண்டை போட்டுத் திறக்க வைத்தது பெரிலின் கட்சிக் கவுன்சிலர் ஒருவர். இப்போது உயிரோடு இல்லை. நன்றி என்பது சிலருக்கு ஒரு வாரம் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷம். பெரிலுக்கு அது முப்பது வருஷமாகத் தேயவில்லை. அதைத்தான் கட்சிக்காரர்கள் நன்றாகப் பிழிந்து குடித்தார்கள்.

அந்த வருஷம் பனி விடுகிற சமயத்தில் மல்கம் டட்டன் அவள் வீட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்தார். மல்கம் கட்சியின் தேர்தல் ஏஜெண்டு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஊரில் எந்த வீட்டில் எந்தக் கட்சி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"பெரில் கண்ணு, இந்தத் தடவை நகரசபைக்கு நீ நிக்கணும்" என்றார்.

பெரில் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. "எங்க, கனால் சைடு வார்டுலயா?"

"அய்ய, அங்க ஜாஸ்பர் நிக்கிறான். நீ இங்க, உன் வார்டுல. சர்ச் பேங்க்."

சர்ச் பேங்க் என்பது மேட்டு வார்டு. பெரிய வீடுகள், பெரிய புல்வெளிகள், பெரிய மனிதர்கள். அடிவாரத்தில் நகரசபை கட்டிக் கொடுத்த ஒரே ஒரு வரிசை வீடு, அதில் ஒன்றுதான் பெரிலுடையது. அந்த வார்டில் பெரிலின் கட்சி ஜெயித்ததாக மல்கமுக்கே நினைவில்லை. அங்கே ஹோரஸ் விட்டேக்கர் எதிர்க்கட்சிக் கவுன்சிலர். ஊரில் சவ அடக்கக் கடை நடத்துகிறவர். 'எல்லாரும் ஒரு நாள் எங்கிட்டதான் வரணும்' என்று சிரித்துக்கொண்டே கை குலுக்குவார்.

"அப்ப ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்லுங்க" என்றாள் பெரில்.

"அப்படியில்ல கண்ணு. ஓட்டுச் சீட்டுல நம்ம கட்சி பேர் இல்லாம போனா அசிங்கம்ல? பேருக்கு நில்லு. நோட்டீஸ் அடிக்க வேணாம், கதவு தட்ட வேணாம். நம்ம ஆளு, நம்ம வண்டி, எல்லாம் கனால் சைடுக்கு. அந்த ஒரு வார்டு கிடைச்சா நகரசபை நம்ம கைக்கு வருது. நகரசபை நம்ம கைக்கு வந்தா..." மல்கம் நிறுத்தி, நெவில் வைத்துவிட்டுப் போன தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். "மில் லேனை மூடணும்னு அதிகாரிங்க கண்ணு வச்சிருக்காங்க. அது உனக்குத் தெரியும்."

தெரியும். ஊரில் அந்தப் பேச்சு குளிர்காலம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. பணமில்லை, கட்டடம் பழசு, கூரை ஒழுகுகிறது. மையம் மூடினால் நெவில் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பெரில் வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அவளுக்கு வேறு எந்த அரசியலும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

நெவிலுக்கு மட்டும் இது ஒப்புக்கு நிற்பது என்று புரியவே இல்லை. அக்கா பெயர் ஓட்டுச் சீட்டில் வரப்போகிறது, அவ்வளவுதான் அவனுக்கு. பழைய செய்தித்தாள் ஓரங்களில் பெரில் பெயரை எழுதச் சொல்லி, பக்கத்தில் கட்டம் கட்டி, ஓட்டுக்குப் போடுகிற பெருக்கல் குறியை அதில் போட்டுப் பழகினான். கட்டத்துக்கு வெளியே ஒரு கோடு போனாலும் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று போடுவான்.

ஜாஸ்பர் கென்வேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதுகூட ஆகாத பையன். தலைநகரில் ஏதோ அலுவலகத்தில் இருந்துவிட்டு, ஹெப்பிள்டனில் வீடு பார்த்துக்கொண்டு வந்தவன். நல்ல நிறம், நல்ல பல், யாரைப் பார்த்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சாமர்த்தியம். அவனைப் பெரில்தான் மில் லேனுக்குக் கூட்டிப் போனாள். நெவில் போட்ட தேநீரைக் குடித்தான், இஞ்சி பிஸ்கட்டை அதில் தோய்த்துத் தின்றான், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டான். நெவிலின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

"நெவில், நீ என் நண்பன். நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கதவை எவனும் மூட முடியாது, சரியா?"

"சரி" என்றான் நெவில். அன்று ராத்திரி முழுக்க ஜாஸ்பர் ஜாஸ்பர் என்றே பேச்சு.

அந்தப் படம் நோட்டீஸில் வந்தது. ஜாஸ்பர் பெரிதாக, நெவில் பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக. 'மில் லேனைக் காப்போம்.' தன் தம்பி முகத்தைக் கட்டுக் கட்டாகப் பையில் போட்டுக்கொண்டு கனால் சைடு முழுக்கப் பெரில் மரக் கரண்டியால் தள்ளினாள். சில வீட்டில் நாய் அதைக் கிழிக்கிற சத்தம் கேட்கும். அவளுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

இதற்கிடையில் சர்ச் பேங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. தோட்டக் குப்பைத் தொட்டி விவகாரம். புல் வெட்டினால் போடுகிற பழுப்புத் தொட்டியை நகரசபை இதுவரை இனாமாக எடுத்துக்கொண்டிருந்தது. இனிமேல் காசு என்று தீர்மானம் போட்டார்கள். விட்டேக்கரும் அதற்குக் கை தூக்கிவிட்டார். போர் வந்தாலும் அசையாத மேட்டு வார்டு ஜனங்கள் தொட்டிக்குக் காசு என்றதும் கொதித்துவிட்டார்கள். மருந்துக் கடையில், பேக்கரியில், நாயோடு நடக்கிற பாதையில் பெரிலை நிறுத்தினார்கள்.

"உன் பேரைப் போட்டிருக்காங்களாமே? உனக்குத்தான் இந்தத் தடவை என் ஓட்டு" என்றாள் ஒரு சீமாட்டி. இதற்கு முன் பெரிலுக்கு அவள் காலை வணக்கம்கூடச் சொன்னதில்லை.

பெரில் மல்கமிடம் ஓடினாள். "ஒரே ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க மல்கம். நானே போடுறேன். மேட்டுல காத்து மாறுது."

"புல்லுத் தொட்டிக் கோவம் மழை வந்தா போயிடும்" என்றார் மல்கம். "கறக்காத மாட்டுக்குப் புல்லு போடச் சொல்றியா? ஒரு பேப்பர்கூடக் கெடையாது. நீ ஜெயிக்கிறதா முக்கியம், மில் லேன் முக்கியமா?"

அந்தப் பெயரைச் சொன்னால் அவள் வாய் அடைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பெரில் கனால் சைடு நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மே மாதத்து முதல் வியாழக்கிழமை தேர்தல். பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி ஆனதால் அவளுக்கு வேலை இல்லை. காலையிலேயே நெவில் கழுத்தில் டை கட்டிக்கொண்டான். கொஞ்சம் ஜாஸ்தியாகவே நீளம். பஸ் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதில் படம் இருக்கிறது, இப்போதெல்லாம் படம் காட்டாமல் ஓட்டுப் போட விடமாட்டார்கள்.

"சாயங்காலம் வேன் வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். நான் வராம போயிடாத" என்றாள் பெரில்.

"நீதான் வராம போயிடாத" என்றான் நெவில்.

கனால் சைடு பள்ளிக்கூட வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நெஞ்சில் கட்சி ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு, ஓட்டுப் போட்டு வருகிறவர்களிடம் வாக்காளர் எண் கேட்டுக் குறித்தாள். பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சிக் கிழவி ஒருத்தி அதே வேலைக்கு உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே குடுவையில் தேநீர் குடித்தார்கள். சாவடி வாசலில் பகை கிடையாது. குறித்ததை மல்கம் வாங்கிப் போவார். நம் ஆட்களில் யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து, சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கிளப்பிக்கொண்டு வர வேண்டும். தேர்தலே அங்கேதான் இருக்கிறது.

மாலையில் அவள் கிளம்பக் காரில் ஏறியபோது மல்கம் கண்ணாடியைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"நிலைமை சரியில்ல பெரில். நம்ம ஆளுங்க பாதிப் பேர் இன்னும் வீட்ட விட்டே எழும்பல. உன் வண்டி வேணும். ஒரு மணி நேரம்."

நெவிலுக்குப் போன் செய்தாள். "கொஞ்சம் நேரமாகும்டா. சாப்பிட்டுட்டு இரு."

"டை கட்டியிருக்கேன்" என்றான் அவன்.

"கட்டியே இரு."

ஒரு மணி நேரம் இரண்டானது, மூன்றானது. செருப்புக்காலோடு நின்ற ஒருத்தியைக் 'கோட்டு வேண்டாம், கார்லதான் போறோம்' என்று அப்படியே ஏற்றினாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் 'நீ போ, நான் பார்த்துக்கிறேன்' என்று சோப்பை வாங்கிக்கொண்டாள். தொலைக்காட்சியை விட்டு எழ மாட்டேன் என்ற ஒரு கிழவரின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். எவரிடமும் கட்சிப் பேச்சுப் பேசவில்லை. "மில் லேன் மூடக் கூடாதுங்க. என் தம்பி அங்கதான் இருக்கான்" என்றாள். அது போதுமாக இருந்தது. கிழவர் பல்செட்டைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்குச் சாவடி மூடும். ஒன்பதரைக்குப் பெரில் மல்கமிடம் வந்து, "நான் போகணும். நானும் போடல, நெவிலும் போடல" என்றாள்.

"இன்னும் ஒரு தெரு பாக்கி." மல்கம் கும்பிடாத குறை. "அங்க உன் ஓட்டு போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான் கண்ணு. இங்க ஒவ்வொண்ணும் தங்கம். நீயே சொல்லு."

அவளேதான் சரி என்று சொன்னாள். யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. இந்த ஒரு இடத்தில் அவளுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அந்தத் தெருவுக்குக் காரைத் திருப்பினாள். வீட்டுக்கு வந்தபோது நெவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தான், டை கட்டியபடி. அவன் திட்டவில்லை. "மூடிட்டாங்க" என்றான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளுக்குத் தேநீர் போட்டுத் தரவில்லை.

மறுநாள் பகலில் ஓட்டு எண்ணினார்கள். விளையாட்டு அரங்கில், பூப்பந்துக் கோடுகள் போட்ட தரையில் வரிசையாக மேஜைகள். பெரில் ஜாஸ்பரின் மேஜைப் பக்கத்தில்தான் நின்றாள். அங்கே இருபுறமும் கட்டுகள் சமமாக ஏறின. ஜாஸ்பர் நகத்தைக் கடித்தான். கடைசியில் விரல் விட்டு எண்ணுகிற வித்தியாசத்தில் ஜெயித்தான். கைதட்டினார்கள், கட்டிப் பிடித்தார்கள். மல்கம் அழுதே விட்டார். பெரிலுக்குச் செருப்புக்காலோடு வந்தவளும், சோப்பு நுரையும், கிழவரின் பல்செட்டும் கண்ணில் வந்தன. இந்த ஜெயத்தில் அந்தக் கடைசி நேரத்து ஆட்களை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. மில் லேன் பிழைத்தது.

அப்போது யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். "நீங்க இங்க என்ன பண்றீங்க? உங்க மேஜைக்குப் போங்க. உங்களுக்கு மறு எண்ணிக்கை!"

சர்ச் பேங்க் மேஜையில் கூட்டம் கூடியிருந்தது. விட்டேக்கர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நோட்டீஸ்கூடப் போடாத, ஒரு கதவைக்கூடத் தட்டாத வார்டில், தொட்டிக் கோபம் அவளைக் கரை வரைக்கும் கொண்டு வந்து நிறுத்தியிருந்தது. மறுபடி எண்ணினார்கள். சந்தேகச் சீட்டுகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். ஒருவன் கட்டத்தில் 'தொட்டி' என்று எழுதி வைத்திருந்தான், செல்லாது என்றார்கள். இன்னொரு தடவை எண்ணினார்கள்.

ஒரு ஓட்டில் தோற்றாள்.

விட்டேக்கர் வந்து கை குலுக்கினார். "அடேயப்பா! என் பொண்டாட்டி இடுப்பு வலி, வரமாட்டேன்னா. இழுத்துக்கிட்டுப் போனேன் நான். நல்ல வேளை."

"நல்ல வேளைதான்" என்றாள் பெரில்.

உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஒரே ஓட்டு! உங்க ஓட்டைப் போட்டீங்கல்ல?"

"போடாம இருப்பேனா?" என்றாள் பெரில். வாய் கூசாமல் சொன்னாள். வீட்டிலிருந்து அவளும் நெவிலும் நடந்து போயிருந்தால் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பாள். கழித்தல் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு. அவள் அங்கே நின்று அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே விடை.

மல்கம் தோளைத் தட்டினார். "விடு கண்ணு. நகரசபை நமக்கு வந்திருச்சு. அதுக்குத்தானே பாடுபட்டோம்."

அதுவும் உண்மைதான். அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு கோடை முழுக்க ஓட்டினாள். தான் தோற்றது பெரிதில்லை, மையம் இருக்கிறது, வேன் வருகிறது. நெவில் மறுபடி தேநீர் போட்டுத் தர ஆரம்பித்தான். கட்சி புதிதாக வந்த ஜாஸ்பருக்கு முதியோர், ஊனமுற்றோர் நலப் பொறுப்பைக் கொடுத்தது. பெரில் அந்தச் செய்தியை நெவிலுக்குப் படித்துக் காட்டினாள். "என் நண்பன்" என்றான் அவன், பள்ளிக்கூடப் பிள்ளை பெருமை பேசுவது போல.

இலை உதிர்கிற மாதத்தில் வந்தது அறிக்கை. 'மில் லேன் மறுசீரமைப்பு.' மூடுவது என்ற சொல் அதில் எங்குமே இல்லை. கொலைகாரன்கூடத் தன் வேலைக்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்கிறான். தீர்மானத்தைக் கொண்டுவருபவர்: கவுன்சிலர் ஜாஸ்பர் கென்வே.

கூட்டத்தன்று பெரில் நகரசபை மாடிப்படியில் அவனுக்காகக் காத்து நின்றாள். நெவில் 'மில் லேனை மூடாதே' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு மேலே பார்வையாளர் வரிசைக்குப் போயிருந்தான்.

"ஜாஸ்பர், என்ன இது?"

"பெரில்! நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "கட்டடம்தான் போகுது. சேவை போகல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஏற்பாடு பண்ணுவோம். நெவில் வெளிய வரலாம், சமூகத்தோட கலந்து பழகலாம்."

"சமூகமா? அவனுக்குச் சமூகமே அந்தக் கட்டடத்துக்குள்ளதான்டா இருக்கு! நான் இருக்கிற வரைக்கும்னு அவன் தோள்ல கை போட்டுச் சொன்னியே?"

"அப்ப எனக்கு உள் விவரம் தெரியாது. உள்ள வந்து பார்த்தாதான் கஜானாவுல எவ்வளவு ஓட்டைன்னு தெரியுது. இது கட்சி முடிவு பெரில். நான் கை தூக்கலைன்னா என்னைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ ஆறுதல் சொல்வது போலச் சொன்னான்: "நீங்க ஜெயிச்சிருந்தா நீங்களும்தான் கை தூக்கியிருப்பீங்க. இதுதான் வேலை."

அவனை அறைந்திருக்கலாம். அறைய வேண்டியவன்தான். பெரிலுக்குக் கை எழவில்லை. "பல்லு மட்டும் நல்லா இருக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மேல் வரிசையில் நெவிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே ஜாஸ்பர் எழுந்து பேசினான். அழகாகத்தான் பேசினான், கண்ணியம் என்றான், தேர்வு என்றான், எதிர்காலம் என்றான். நெவில் அவனைப் பார்த்துக் கையசைத்தான். ஜாஸ்பர் காகிதத்தைப் புரட்டினான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்தவர் யார் தெரியுமா? சவ அடக்கக் கடை ஹோரஸ் விட்டேக்கர்.

"நான் சாவு வியாபாரி" என்றார் அவர். "பெட்டியில வச்சு மூடுறது என் தொழில். ஆனா செத்தவங்களைத்தான் மூடுவேன். உயிரோட இருக்கிறவங்களை மூடச் சொல்லி என்கிட்ட ஒரு தீர்மானத்தை நீட்டாதீங்க. எங்க கட்சி மொத்தமும் எதிர்த்து ஓட்டுப் போடும்."

மேல் வரிசையில் எல்லாரும் கைதட்டினார்கள். பெரிலின் கை மடியிலேயே கிடந்தது. இந்த மனிதனைத் தோற்கடிக்க முடியவில்லையே என்று கோடை முழுக்கத் தூக்கம் கெட்டிருந்தாள். அவரோ இங்கே நின்று நெவிலுக்காகப் பேசுகிறார். அவள் தன் ஓட்டையும் தம்பி ஓட்டையும் பலி கொடுத்துத் தெருத்தெருவாக ஆள் இழுத்து ஜெயிக்க வைத்தவன் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் மேயர்.

கைகள் எழுந்தன. ஜாஸ்பரின் கை முதல் வரிசையில், வெள்ளைச் சட்டைக் கையோடு நேராக. மேயரின் அதிகாரி எண்ணினார். திருப்தி இல்லாமல் மறுபடி எண்ணினார். அவ்வளவு நெருக்கம். பெரிலும் மேலே இருந்து எண்ணினாள். பாதிக்கு மேல் ஒரே ஒரு கை அதிகம். எந்தக் கை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனால் சைடில் கதவு கதவாகத் தட்டி, மில் லேனைக் காப்பாற்ற என்று சொல்லி, அந்தக் கையை அங்கே கொண்டு வந்து வைத்தவள் அவள்தான்.

அப்போது பக்கத்தில் அசைவு தெரிந்தது. கீழே தன் நண்பன் கை தூக்கியிருப்பதைப் பார்த்து நெவிலும் கை தூக்கியிருந்தான். அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு, எழுந்து நின்று, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம். முகமெல்லாம் சிரிப்பு.

மேயர் நிமிர்ந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, பக்குவமாகத்தான் சொன்னார். "மேல இருக்கிறவர் தயவுசெஞ்சு கையை இறக்குங்க. உங்க கை கணக்குல வராது."

பெரில் எழுந்துவிட்டாள். 'அவன் கை எப்பதான்யா உங்க கணக்குல வந்துச்சு?' என்று அந்தக் கூரை இடிந்து விழுகிற மாதிரி கத்த வாயைத் திறந்தாள். கீழே அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். மல்கமும் பார்த்தார்.

அவன் கையை முதலில் கணக்கிலிருந்து எடுத்தது இவர்கள் யாரும் இல்லை.

நெவிலின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். அவன் உட்கார்ந்தான். கீழே கைகளும் இறங்கின, அதிகாரி எதையோ எழுதினார், மேயர் நிறைவேறியது என்று சுத்தியலைத் தட்டினார். கூட்டம் சலசலவென்று அடுத்த விஷயத்துக்குப் போனது.

"நம்ம ஜெயிச்சோமா?" என்று கேட்டான் நெவில்.

"கோட்டைப் போட்டுக்கோடா" என்றாள் பெரில். "வெளிய குளிரும்."